வீட்டு மீன்தொட்டிக்கு வேகம் மாற்றத்தக்க பம்பைத் தேர்ந்தெடுத்தல்

நம் குடியானவர்களில் பெரும்பாலோர் பம்பு என்னும் சொல்லைக் கேட்டவுடன் கிணற்றையும் தோட்டக்காலையும் நினைப்பார்களேயன்றி, வீட்டுக் கூடத்தில் வைக்கப்பெறும் கண்ணாடித் தொட்டியை நினைக்கமாட்டார்கள். ஆயினும், சில ஆண்டுகளாக அலங்கார மீன் வளர்ப்பு நிலமுள்ள குடும்பங்களிலும் ஓர் உபதொழிலாகப் புகுந்து வருகிறது. சென்னையிலுள்ள கொளத்தூர் இத்தொழிலுக்குப் பெயர்பெற்ற இடம் என்பதைப் பலரும் அறிவர். பொன்மீன், கப்பி, மோலி, ஏஞ்சல், சண்டைமீன் முதலிய இனங்கள் அங்கே பெருவாரியாக வளர்க்கப்பட்டு விற்பனையாகின்றன. 2020-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கத்தார் ஆரம்பித்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா யோஜனாவிலும் வீட்டுப் புறக்கடையில் அலங்கார மீன் வளர்ப்பதற்கு உதவி செய்ய ஏற்பாடு செய்யப்பட்டது. இக்காரணங்களால் கிராமங்களிலும் தொட்டிகள் பெருகியுள்ளன. தொட்டி பெருகினால் பம்பும் பெருகுமன்றோ?

தொட்டியை நன்றாகக் கட்டி, நல்ல மீனும் வாங்கி, பம்பை மாத்திரம் அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எண்ணைப் பார்த்து வாங்கி விடுகிறவர்கள் அநேகர். கிணற்றுக்கு மோட்டார் வாங்கும்பொழுது ஆழம் எத்தனை, குழாய் எத்தனை அங்குலம் என்று பத்துப்பேரைக் கேட்கும் குடியானவர், மீன்தொட்டிப் பம்பு கையடக்கமாக இருப்பதைக் கண்டு அதை விளையாட்டுச் சாமானாக எண்ணிவிடுகிறார். பம்பு சிறியதாயினும் பெரியதாயினும் அதற்குரிய விதி ஒன்றேயாகும். அதிலும், வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் கூடிய பம்புகள் இப்பொழுது ஏராளமாக வந்திருப்பதால், அவற்றைத் தேர்ந்தெடுக்கும் முறையை இக்கட்டுரையில் சற்று விரிவாகக் கூறுவோம்.

பம்பின் வேலை

இங்கே பேசப்படுவது, கடைக்காரர்கள் ரிட்டர்ன் பம்பு என்று சொல்லும் திருப்பியேற்றும் பம்பாகும். மீன் வாழும் தொட்டி மேலே இருக்கும். அதன் கீழே அலமாரிக்குள் மற்றொரு தொட்டி இருக்கும். இதனைச் சம்ப் என்பர். நாம் கீழ்த்தொட்டி என்று சொல்லுவோம். மேல்தொட்டியில் நிறைந்த ஜலம் வழிகுழாயின் வழியாகத் தானாகவே கீழே இறங்கி, பஞ்சு, சல்லி, பீங்கான் துண்டுகள் முதலியவை நிரப்பிய அறைகளில் வடிந்து, கடைசி அறையை அடைகிறது. அவ்வறையில் மூழ்கியிருக்கும் பம்பு அதனை மீண்டும் மேலே ஏற்றுகிறது. இரவும் பகலும் இடைவிடாமல் இஃது நடைபெற வேண்டும்.

இடைவிடாமல் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மீனின் கழிவிலிருந்தும் தின்னாமல் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. நம் வயல்மண்ணில் எருவின் அம்மோனியாவை நுண்ணுயிர்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன அல்லவா? அதே ஜாதியான நுண்ணுயிர்கள்தாம் கீழ்த்தொட்டியின் சல்லியிலும் பஞ்சிலும் ஒட்டி வாழ்ந்து அதே வேலையைச் செய்கின்றன. அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட் அவ்வளவு கெடுதல் செய்வதன்று. இந்நுண்ணுயிர்கள் பிராணவாயு கலந்த ஜலம் ஓடிக்கொண்டிருந்தால்தான் பிழைக்கும். பம்பு நின்றுவிடின் மேலே மீனுக்கும் கீழே நுண்ணுயிர்க்கும் ஏககாலத்தில் மூச்சுத் திணறல் உண்டாகிறது.

எல்லோருக்கும் இந்தப் பம்பு அவசியம் என்று எண்ணலாகாது. ஒன்றிரண்டு சிறு தொட்டிகளில் கப்பியோ சண்டைமீனோ வளர்ப்பவருக்குக் காற்றுப் பம்பும் பஞ்சு வடிகட்டியுமே போதும். கிரயமும் சொற்பம், குஞ்சுகளும் பம்பில் சிக்கமாட்டா. கீழ்த்தொட்டி வைத்துப் பெரிய தொட்டியை நடத்துகிறவர்களும், பல தொட்டிகளை ஒரே வடிகட்டியில் இணைக்கிறவர்களுமே மேற்கொண்டு படித்தல் வேண்டும்.

எவ்வளவு ஜலம் வேண்டும்?

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரையில் அதையே கணக்கிடுவோம். 4 அடி நீளம், 1½ அடி அகலம், 1½ அடி உயரம் உள்ள தொட்டியின் கொள்ளளவு 9 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் இஃது ஏறக்குறைய 255 லிட்டர் ஆகும். அடியிலுள்ள மணலையும் மேல்விளிம்பில் விடவேண்டிய இடைவெளியையும் கழித்தால் உள்ளே நிற்கும் ஜலம் 225 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

நன்னீர் மீன்களுக்கு ஒரு மணி நேரத்தில் தொட்டியின் ஜலம் முழுவதும் மூன்று முதல் ஐந்து தடவை கீழே சென்று வருதல் போதுமானது என்பது அனுபவஸ்தர்களின் வழக்கம். பொன்மீன், கோய் முதலியவை மிகுதியாகத் தின்று மிகுதியாகக் கழிப்பவை. அவற்றுக்கு ஐந்து தடவையோ அதற்குச் சற்று அதிகமோ வைப்பது உசிதம். நீண்ட துடுப்புள்ள சண்டைமீனும் இளங்குஞ்சுகளும் நீரோட்டத்தைத் தாங்கமாட்டா. அவற்றுக்கு மூன்றே போதும். நம் உதாரணத்துக்கு நான்கு தடவை என்று கொண்டால், மணிக்கு 900 லிட்டர் வேண்டியதாகிறது.

உயரமும் உராய்வும்

900 லிட்டர் வேண்டுமென்று தெரிந்தவுடன் கடைக்குச் சென்று 1,000 லிட்டர் என்று அச்சிட்ட பம்பை வாங்கி வருவதே சாதாரணமாக நிகழும் தவறு. அந்த எண் யாதெனில், பம்பு ஜலத்தைச் சிறிதும் உயர்த்தாமல், குழாயும் இல்லாமல், வாய்க்கு நேரே தள்ளும் அளவாகும். பெட்டியில் மற்றோர் எண்ணும் இருக்கும். அஃது பம்பு ஜலத்தைத் தூக்கி நிறுத்தக்கூடிய அதிகபட்ச உயரம். அவ்வுயரத்தில் ஒரு துளியும் வெளியே வாராது. முதல் எண்ணில் உயரம் இல்லை. இரண்டாம் எண்ணில் ஜலம் இல்லை. நமக்கு வேண்டியது இவ்விரண்டுக்கும் இடையே உள்ளது.

முதலில் உயரத்தை அளக்க வேண்டும். கீழ்த்தொட்டியின் அடியிலிருந்து அளப்பது பிழை. ஓடிக்கொண்டிருக்கும்போது கீழ்த்தொட்டியில் நிற்கும் ஜலமட்டத்திலிருந்து, மேலே குழாய் எட்டும் உச்சிவரையில் செங்குத்தாக அளத்தல் வேண்டும். நம் தொட்டியில் அது 4½ அடி என்று கொள்வோம்.

இத்துடன் உராய்வைச் சேர்க்க வேண்டும். கிணற்றுக் குழாய் குறுகினால் மோட்டார் திணறுவதைக் குடியானவர்கள் அறிவார்கள். உள்விட்டம் பாதியானால், அதே அளவு ஜலத்தை அதே நீளத்துக்குச் செலுத்துவதில் ஏற்படும் உராய்வு ஏறக்குறைய முப்பது மடங்காகிறது, இருமடங்கன்று. ஜலத்தின் அளவை இரட்டித்தாலோ உராய்வு சுமார் நான்கு மடங்காகும். நேர்க்கோணத்தில் திரும்பும் எல்போ ஒவ்வொன்றும் குழாயின் விட்டத்தைப்போல் முப்பது மடங்கு நீளமுள்ள நேர்க்குழாய்க்குச் சமானம். முக்கால் அங்குலக் குழாயில் ஓர் எல்போ வைத்தால் இரண்டடிக்குச் சற்றுக் குறைவான குழாயைக் கூடுதலாக வைத்ததற்கு ஒப்பாகும்.

நம் தொட்டிக்கு ஆறடி ஏழடிக் குழாயும் மூன்று எல்போக்களும் ஒரு தடுப்பு வால்வும் வைத்து, 900 லிட்டர் செலுத்துவதாகக் கணக்கிட்டுப் பார்ப்போம். உள்விட்டம் 20 மில்லிமீட்டர் உள்ள குழாயானால் உராய்வு ஓர் அடிக்குள் அடங்கும். அரை அங்குல ரப்பர்க் குழாயை மாட்டினால் அதே உராய்வு ஐந்தடிக்கும் மேலாகும். அதாவது, பம்பு ஏற்றவேண்டிய உயரம் ஒரு சிறு குழாயின் காரணமாக இருமடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. குழாயில் மிச்சம் பிடிக்கும் சில ரூபாய்களைப் பம்பின் கிரயத்திலும் மின்சாரக் கட்டணத்திலும் பன்மடங்காகக் கொடுக்க வேண்டி வரும். பம்பின் வாய் அளவுக்குக் குறைந்த குழாயை ஒருபொழுதும் மாட்டக்கூடாது. ஒரு படி பெரிதாக மாட்டுவது சிலாக்கியம். எல்போவுக்குப் பதிலாக வளைந்து செல்லும் குழாயை உபயோகித்தால் இன்னும் நலம்.

பெட்டியின் எண்களைக் கொண்டு கணக்கிடும் விதம்

நல்ல உற்பத்தியாளர்கள் எந்த உயரத்தில் எவ்வளவு ஜலம் வரும் என்று காட்டும் கோட்டுப் படத்தைப் பெட்டியிலோ விவரத் தாளிலோ அச்சிட்டிருப்பார்கள். அப்படம் இல்லாத பம்பை வாங்காமல் இருப்பதே நலம் என்பது என் அபிப்பிராயம். அவசியமாயின், இரண்டு எண்களுக்கும் இடையே ஒரு நேர்க்கோடு இருப்பதாகப் பாவித்துக் கணக்கிடலாம். உண்மையான கோடு சற்று மேலே வளைந்திருக்குமாதலால், இவ்வாறு கணக்கிடுவதில் நஷ்டப்பட இடமில்லை.

மணிக்கு 1,000 லிட்டர், அதிகபட்ச உயரம் 5 அடி என்று அச்சிட்ட பம்பை நம் தொட்டியில் வைத்துப் பார்ப்போம். 4½ அடி உயரத்தை ஏற்றுவதற்கே அதன் சக்தியில் பத்தில் ஒன்பது பாகம் தீர்ந்துவிடுகிறது. மேலே வருவது நேர்க்கோட்டுக் கணக்கின்படி 100 லிட்டர். வளைகோட்டின்படி பார்த்தாலும் 300 லிட்டருக்கு மேல் இராது. 900 லிட்டர் வரும் என்று நம்பியவருக்கு மூன்றில் ஒரு பாகமும் கிட்டாது.

3,000 லிட்டர், 10 அடி என்று அச்சிட்ட பம்பாயின், 4½ அடி உயரமும் ஓர் அடி உராய்வும் சேர்ந்த 5½ அடியில் அதன் சக்தி 1,350 லிட்டர். ஆனால், ஜலம் அதிகமாக ஓட ஓட உராய்வும் அதிகரிக்குமாதலின், முழு வேகத்தில் சுமார் 1,200 லிட்டர் அளவில் அது நிலைபெறும். நமக்கு வேண்டியது 900. ஆகவே சற்று மிச்சம் உண்டு. பஞ்சு அடைபட்டும் குழாயில் பாசி படிந்தும் சில மாதங்களில் ஜலம் குறையும்பொழுது இந்த மிச்சம் உதவும். அதுவரையில் அதைக் குறைத்து வைப்பதற்கே வேகம் மாற்றும் வசதி வேண்டியதாகிறது.

வேகத்தைக் குறைப்பதில் உள்ள சூட்சுமம்

ஜலத்தின் அளவைக் குறைக்க மூன்று உபாயங்கள் உள்ளன. மலிவான சிறு பம்புகளில் உறிஞ்சும் வாயின்மேல் ஒரு தகடு இருக்கும். அதை நகர்த்தி வாயைக் குறுக்கலாம். மிகச் சிறிய பம்புக்கு இது பரவாயில்லை. பெரிய பம்பில் உறிஞ்சும் பக்கத்தை நெரிப்பது, கிணற்று மோட்டாரின் உறிஞ்சுகுழாயை நெரிப்பதைப் போன்றதே. இரைச்சலும் தேய்வும் உண்டாகும். இரண்டாவது, டெலிவரிக் குழாயில் ஒரு வால்வு வைத்துத் திருகுதல். இதனால் பம்புக்குக் கெடுதியில்லை. ஆனால் மின்சாரம் பெரிதாகக் குறைவதுமில்லை. மிஞ்சிய ஜலத்தை நெரிக்காமல் ஒரு கிளைக்குழாய் வழியாகக் கீழ்த்தொட்டியின் வடிகட்டி அறைக்கே திருப்பிவிட்டால் அந்த ஜலம் இரண்டாந்தடவை வடியும் பயனாவது கிட்டும்.

மூன்றாவதே சுற்றின் வேகத்தைக் குறைத்தல். வீட்டு மின்சாரத்தில் நேரே ஓடும் சாதாரண மீன்தொட்டிப் பம்பின் வேகம் மின்சாரத்தின் 50 அலைவைப் பின்பற்றியே அமைவது. அதனைக் குறைக்க இயலாது. அதற்கு மின்விசிறியின் ரெகுலேட்டரை மாட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. பம்பு சுழலத் தொடங்காமல் நடுங்கிச் சூடேறுமேயன்றி வேறு பயன் இராது. வேகம் மாற்றத்தக்க பம்புகள் நேர்மின்னோட்டத்தில் இயங்குபவை. பெரும்பாலும் 24 வோல்ட்டுக்கு மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கும் பெட்டியும், பொத்தான்கள் உள்ள கட்டுப்பாட்டுக் கருவியும் அவற்றோடு வரும்.

இதன் லாபத்தை முதலில் கூறுவோம். பம்பின் சுற்று குறைந்தால் ஜலம் அதே விகிதத்தில் குறைகிறது. தூக்கும் உயரம் வேகத்தின் இருமடிப்படி குறைகிறது. மின்சாரச் செலவோ மும்மடிப்படி குறைகிறது. பத்தில் எட்டுப் பங்கு வேகத்தில் ஓட்டினால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். 40 வாட் பம்பு இரவுபகலாக ஓடினால் மாதத்துக்குச் சுமார் 29 யூனிட் ஆகும். 20 வாட்டில் ஓடினால் 14½ யூனிட்டுக்குள் முடியும். வருஷம் ஒன்றுக்கு 175 யூனிட் மிச்சம். நீரில் மூழ்கிய பம்பு செலவிடும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் உஷ்ணமாகி அந்த ஜலத்திலேயே சேருமாதலின், சித்திரை வைகாசியில் இஃது மற்றொரு நன்மையாகும். ஜலம் சூடேறச் சூடேறப் பிராணவாயு அதில் கரைவது குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரைவது, 30 டிகிரியில் 7½ மில்லிகிராமே கரையும்.

இனி அபாயத்தைக் கூறுவோம். வாங்குவோர் பெரும்பாலும் அறியாதது இதுவேயாதலால் கவனமாகப் படிக்க வேண்டுகிறோம். தூக்கும் உயரம் வேகத்தின் இருமடிப்படி குறையும் என்றோம். 10 அடி தூக்கும் பம்பைப் பத்தில் ஒன்பது பங்கு வேகத்தில் வைத்தால் அது 8.1 அடி தூக்கும். எட்டுப் பங்கில் 6.4 அடி, ஏழு பங்கில் 4.9 அடி, ஆறு பங்கில் 3.6 அடிதான். நம் தொட்டியின் உயரமோ 4½ அடி. ஆகவே ஏழு பங்கில் ஜலம் கசிவது போலச் சிறிதளவே வரும். ஆறு பங்கில் ஒரு துளியும் வாராது. பம்பு மாத்திரம் சுழன்றுகொண்டே இருக்கும், விளக்கும் எரியும், மெல்லிய ஓசையும் கேட்கும். கட்டுப்பாட்டுக் கருவியில் பாதி என்று வைத்தால் பாதி ஜலம் வரும் என்று நினைப்பது இயல்பே. ஆயினும் அது பாதி ஜலமன்று. ஜலமே இல்லாத நிலை.

இவ்வாறு நேர்ந்த ஒரு வீட்டை நான் அறிவேன். தொட்டி நிறையப் பொன்மீன்கள். வழிகுழாயின் சலசலப்பு உறக்கத்தைக் கெடுக்கிறதென்று வீட்டுப் பெரியவர் இரவு படுக்கப் போகுமுன் கருவியில் வேகத்தைக் குறைத்தார். சலசலப்பு அடங்கிற்று. அடங்கியதன் காரணம் ஓட்டமே நின்றுபோனதுதான் என்பது அவருக்குத் தோன்றவில்லை. பம்பின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கோடைக்காலமாதலால் விடியுமுன் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து காற்றுக்குத் தவித்தன. பெரிய மீன்களே முதலில் இறந்தன. பம்பு பழுது என்று கடைக்குக் கொண்டுபோய்ச் சண்டையிட்டதும் உண்டு. பம்பில் யாதொரு பழுதும் இல்லை. வழிகுழாயின் இரைச்சலைக் குறைக்க அக்குழாயிலேயே வால்வு வைத்துச் சரிசெய்திருக்க வேண்டும்.

ஆகையால் வேகம் மாற்றத்தக்க பம்பு வாங்குகிறவர் முழு வேகத்துக்குரிய எண்ணை மட்டும் பார்த்தல் போதாது. தாம் ஓட்ட உத்தேசிக்கும் குறைந்த வேகத்தில் அது தம் வீட்டு உயரத்தைத் தாண்டுமா என்றும் கணக்கிட வேண்டும். கணக்கு எளிது. பெட்டியிலுள்ள உயரத்தை வேகத்தின் பின்னத்தால் இருமுறை பெருக்கினால் போதும். அவ்வாறு வரும் உயரம் தம் தொட்டியின் உயரத்தைக் காட்டிலும் மூன்றில் ஒரு பங்காவது அதிகமாக இருத்தல் நலம். நம் உதாரணத்துக்கு அது 6 அடி. அதாவது 10 அடிப் பம்பைப் பத்தில் எட்டுப் பங்கு வேகத்துக்குக் கீழே இறக்கக்கூடாது. இன்னும் கீழே இறக்க வேண்டியிருந்தால் வால்வையும் சேர்த்து உபயோகிக்கலாம். கருவியில் காணும் எண்கள் எல்லாப் பம்புகளிலும் சுற்றின் வேகத்தையே குறிக்கும் என்பதும் நிச்சயமில்லை. எனவே நிறுவிய அன்றே ஒரு பரீட்சை செய்துவிட வேண்டும்.

10 லிட்டர் வாளியை மேலே குழாயின் வாயில் பிடித்து, நிறைவதற்கு எத்தனை விநாடி ஆகிறதென்று கடிகாரத்தில் பார்க்க வேண்டும். 40 விநாடியில் நிறைந்தால் மணிக்கு 900 லிட்டர். ஒரு நிமிஷமானால் 600 லிட்டர். ஒவ்வொரு படி வேகத்திலும் இவ்வாறு அளந்து, கண்டதை ஒரு சீட்டில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டி வைத்தால், வீட்டில் யார் கைவைத்தாலும் அளவு தெரிந்து வைப்பார்கள். உதவித் தொகைக்காக மீன் கொட்டில்களைப் பார்வையிடச் செல்லும் கிராம நிர்வாக அலுவலர்களும் ஏனைய உத்தியோகஸ்தர்களும் பம்பின் ரசீதைப் பார்ப்பதோடு நில்லாமல் ஒரு வாளியும் கடிகாரமும் கொண்டு இதைச் சோதித்தால், கொட்டிலின் உண்மை நிலை ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

மின்சாரம் நின்றுபோனால்

பம்பு நின்றவுடன், மேலே குழாயின் வாய் ஜலத்துக்குள் மூழ்கியிருந்தால், அந்த வாய் வெளியே தெரியும் வரையில் மேல்தொட்டியின் ஜலம் அதே குழாய் வழியாகத் திரும்பி இறங்கும். நம் தொட்டியில் வாய் இரண்டங்குலம் மூழ்கியிருந்தால் இறங்கும் ஜலம் சரியாக ஒரு கன அடி, அதாவது 28 லிட்டர். வழிகுழாயிலும் வடிகட்டியிலும் நிற்பது வேறு. கீழ்த்தொட்டியில் இத்தனைக்கும் இடம் இல்லாவிட்டால் கூடம் முழுவதும் நனையும்; அருகில் மின்சாரச் செருகிகள் இருக்குமாயின் விபரீதமாகும். தடுப்பு வால்வு வைத்திருக்கிறேன் என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். ஒரு சிறு நத்தையோ பாசித்துண்டோ அதன் நாவில் சிக்கினால் அந்த வால்வு மூடாது. குழாயின் வாயை ஜலமட்டத்துக்கு அரை அங்குலம் கீழே வைத்தலும், மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சிறு துளை இட்டுக் காற்றுப் புகச் செய்தலுமே நம்பத்தக்கவை. துளையை மாதம் ஒருமுறை ஈர்க்கால் குத்திச் சுத்தம் செய்ய வேண்டும். எல்லாம் அமைத்தபின் பம்பை வேண்டுமென்றே நிறுத்தி, கீழ்த்தொட்டியில் ஜலம் எதுவரை ஏறுகிறதென்று பார்த்து, மிச்ச இடத்துக்குத் தக்கவாறு ஓடும்போது நிற்கவேண்டிய மட்டத்தைச் சாயத்தால் கோடிட்டு வைத்தல் வேண்டும். அந்தக் கோட்டுக்கு மேல் ஜலம் ஊற்றலாகாது.

இதற்கு நேர்மாறான விபத்தும் உண்டு. வழிகுழாய் இலையாலோ செத்த மீனாலோ அடைபட்டால், பம்பு கீழ்த்தொட்டியின் கடைசி அறையிலுள்ள ஜலம் முழுவதையும் மேலே ஏற்றி விளிம்பில் வழியவிடும். பின்னர் வறண்டு ஓடும். மூழ்கும் பம்பு ஜலத்தாலேயே குளிர்ந்து, ஜலத்தாலேயே வழவழப்புப் பெறுவது. வறண்டு ஓடினால் தண்டும் வளையங்களும் கெட்டுப்போகும். ஆதலின், கடைசி அறை சிறியதாக, அதன் ஜலம் முழுவதும் ஏறினாலும் மேல்தொட்டியின் விளிம்பு தாங்குமாறு அமைய வேண்டும். வறண்டால் தானே நிற்கும் ஏற்பாடுள்ள பம்புக்குச் சற்று அதிகக் கிரயம் கொடுத்தாலும் தகும்.

மின்வெட்டு அதிகமுள்ள ஊர்களில் நேர்மின்னோட்டப் பம்பு வேறொரு வகையிலும் சௌகரியமானது. உற்பத்தியாளர் அனுமதித்திருந்தால் 12 வோல்ட் பாட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் பம்பை ஓட்டலாம். சில கருவிகளில் இதற்கென்றே இணைப்புவாய் உண்டு. குறைந்த வேகத்தில் 20 வாட் மட்டும் இழுக்கும் பம்பு பாட்டரியில் நெடுநேரம் ஓடும். அப்பொழுதும் வேகத்தை மேற்சொன்ன எல்லைக்குக் கீழே இறக்கக்கூடாது என்பதை மறக்கலாகாது.

ஏனைய விஷயங்கள்

வெளிநாட்டிலிருந்து வந்த மாற்றுமின்னோட்டப் பம்புகளில் 60 அலைவு என்று எழுதியிருந்தால் வாங்க வேண்டாம். நம் நாட்டின் 50 அலைவில் அவற்றின் வேகம் ஆறில் ஐந்து பாகமாகி, தூக்கும் உயரம் பத்தில் ஏழு பாகத்துக்குக் குறைந்துவிடும். 110 வோல்ட்டுக்குச் செய்தவற்றை நம் 230 வோல்ட்டில் செருகினால் உடனே எரிந்துபோகும்.

செருகியைத் தொட்டி மட்டத்துக்கு மேலே வைத்து, கம்பி ஒருமுறை கீழே தொங்கிப் பின் மேலேறிச் செருகியை அடையுமாறு விட வேண்டும். கம்பியில் வழியும் ஜலம் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். 30 மில்லிஆம்பியரில் துண்டிக்கும் கசிவு மின்தடைச் சாதனம் இல்லாத இணைப்பில் மீன்தொட்டிப் பம்பை வைத்தலே கூடாது. எர்த் கம்பியும் உண்மையில் மண்ணைத் தொட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கைவிடுமுன் பம்பை நிறுத்தினால் போதாது. செருகியையே பிடுங்கிவிட வேண்டும். வேலை செய்யும் சிறுவர்களுக்கும் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவைத்தல் அவசியம்.

குஞ்சு பொரிக்கும் தொட்டியாயின் வழிகுழாயின் வாயிலும் பம்பின் வாயிலும் துளையுள்ள பஞ்சை மாட்ட வேண்டும். இறால் வளர்ப்பவர்கள் செம்பு, பித்தளைப் பாகங்கள் ஜலத்தில் படும் பம்பை விலக்க வேண்டும். செம்பு சிறிதளவு கரைந்தாலும் அவற்றைக் கொல்லும். தண்டு பீங்கானால் ஆனதாயிருப்பின் துருவுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

நம் மாவட்டங்களில் பல கிணற்று ஜலம் சுண்ணாம்பு மிகுந்தது. இம்பெல்லரிலும் அது சுழலும் குழியிலும் வெண்மையாகப் படிந்து வேகத்தைக் கெடுக்கும். மாதம் ஒருமுறை பம்பைக் கழற்றி, இம்பெல்லரை இழுத்து எடுத்து, எலுமிச்சைச் சாற்றிலோ காடியிலோ அரைமணி நேரம் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, நல்ல ஜலத்தில் அலசி மாட்ட வேண்டும். சோப்பு உதவாது. பிறகு வாளியைப் பிடித்து மறுபடியும் அளந்து, சீட்டிலுள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். சுத்தம் செய்தபின்னும் ஜலம் வெகுவாகக் குறைந்திருந்தால் இம்பெல்லர் தேய்ந்துவிட்டதென்று அறியலாம். வாங்கும்பொழுதே அந்தப் பம்புக்குரிய இம்பெல்லர் தனியாகக் கிடைக்குமா என்று கடைக்காரரை விசாரித்து, கிடைக்குமானால் அன்றே ஒன்றைச் சேர்த்து வாங்கி வைப்பது உசிதம். சில வருஷங்கள் கழித்து அதே மாதிரிப் பம்பு கடையில் இராது.